ஸ்கேனில் தெரியாத வலி

திருமழிசைச் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத்தின் முன்னும் பிரஸ்ஸின் முன்னும் நாள் முழுதும் நின்று பிழைக்கிறவர்களுள், மாதக்கணக்கான இடுப்பு வலியோடு பூந்தமல்லிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல்" என்ற சொல்லோடு திரும்புகிறவருடைய நிலைமை மிகவும் பரிதாபமானது; ஏனெனில் அந்த நிமிஷம் முதல் சூப்பர்வைசருக்கும் வீட்டாருக்கும், சில சமயம் அவருக்கே கூட, அவ்வலி வேலைக்கு மட்டம் போடச் சொல்லும் சாக்காகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. படத்தில் பழுதில்லாவிட்டால் வலி பொய் என்பது நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்ட அபிப்பிராயம்.

இவ்வூரில் அவதரித்த திருமழிசையாழ்வாருக்கு வலக்காலின் விரலில் ஒரு கண் திறந்ததாக வரலாறு சொல்லும். ஆழ்வாரின் காலுக்குப் பார்வை வாய்த்ததுபோல நம் கால், இடுப்பு, முதுகு ஒவ்வொன்றுக்கும் வலியை உணரும் சக்தி தனியே வாய்த்திருக்கிறதென்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நரம்புகள் செய்தியைக் கொண்டுசெல்கின்றனவேயன்றி, அது வலி என்னும் அனுபவமாவது மூளையில்தான். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஆராய்ந்த நோயாளிகள் இதற்குப் பிரத்தியட்ச சாட்சிகள்: கை துண்டிக்கப்பட்டு ஆண்டுகள் சென்றபின்னும், இல்லாத அந்தக் கையின் விரல்கள் இறுக மூடிக்கொண்டு வலிப்பதாக அவர்கள் துடித்தார்கள். பெட்டிக்குள் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியுமாறு அவர் செய்தபோது, சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது. எல்லாருக்கும் பலித்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் எந்த ஸ்கேனிலும் படம் பிடிக்க முடியாத ஓர் அவயவம் வலிக்கக்கூடும் என்பதில் ஐயமில்லை. அதுபோலவே, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில், முதலில் பட்ட காயம் ஆறிவிட்டாலும், முதுகுத்தண்டும் மூளையும் கூருணர்ச்சி பெற்று அந்த அனுபவத்தைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டிருக்கலாம். இது கற்பனை அன்று. உடலில் நிகழும் காரியம்.

இவ்வளவும் கேட்ட படித்தவர் ஒருவர், "எல்லாம் மூளையிலே என்றால் இ.இ.ஜி. எடுத்து வலியை நிரூபித்துவிடலாமே!" என்பார். இது, படத்தில் பழுதில்லாவிட்டால் வலி பொய் என்ற முதல் நம்பிக்கையின் நேர் எதிர்ப்பக்கம்; அதைவிடக் கவர்ச்சியானது, ஆகையால் அதைவிட ஆபத்தானது. இ.இ.ஜி. என்பது மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்து பதிவு செய்யும் முறை; ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாயிருக்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய 8 முதல் 13 முறை எழுந்து விழும் ஆல்பா அலையும், அதனினும் மந்தமான தீட்டா அலையும் நமக்கு இங்கே முக்கியம். நெடுநாள் நரம்பு வலியால் வருந்துவோரைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், தீட்டா ஓங்கியும் ஆல்பாவின் வேகம் சற்றுக் குறைந்தும் காணப்படுவதாகப் பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வேறு சிலவற்றில் அந்த வேற்றுமை புலப்படவில்லை. அன்றியும், தூக்கக் கலக்கத்திலும் தீட்டா மிகும். நரம்பு வலிக்கென்றே கொடுக்கப்படும் காபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளும் ஆல்பாவை மந்தப்படுத்தும். வலியும் மருந்தும் உறக்கமின்மையும் ஒன்றாய்க் கூடிய ஒரு தனி மனிதரின் பதிவை விரித்துவைத்து, இந்த வளைவு வலியினால், இது மருந்தினால் என்று பிரித்துச் சொல்ல வல்லவர் யார்?

2023-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிரசாத் ஷிர்வால்கர் குழுவினர் இன்னும் ஆழமாகச் சென்றார்கள். பக்கவாதத்திற்குப் பின்னோ அவயவ இழப்பிற்குப் பின்னோ தீராத வலியுற்ற நால்வருக்கு மூளைக்குள்ளேயே மின்முனைகளைப் பொருத்தி, அவர்கள் வீட்டிலிருந்தபடியே மாதக்கணக்கில் அலைகளைப் பதிவு செய்தபோது, நெற்றிக்குப் பின்னே கண்குழிக்கு மேலுள்ள பகுதியின் அலைகளைக்கொண்டு அவரவர் வலியின் ஏற்றத்தாழ்வை ஓரளவு கணிக்க முடிந்தது. சுடுபொருள் பட்ட கணநேர வலிக்கு மூளையின் வேறொரு பகுதி மிகுதியாக ஈடுபட்டதால், 'வலி மையம்' ஒன்றே உண்டு என்ற எண்ணமும் அடிபட்டது. ஒருவருடைய அடையாளம் மற்றவருக்குப் பொருந்தவில்லை. அலைகளை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது: ஒவ்வொரு நாளும் பலமுறை அந்நோயாளிகளே தம் வலிக்கு இட்ட மதிப்பெண்ணோடுதான்.

அலைகளைப் பற்றிய அறிவு இந்த அளவிலேயே நிற்பதால், ஆல்பா அலையைத் தூண்டி வலியைத் தீர்ப்பதாக விற்கப்படும் சங்கீதத்தைக் கேட்டு மனம் இளைப்பாறினால் நல்லதே. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க ஆதாரம் போதாது.

கடைசியாக, இ.இ.ஜி. என்றால் தலையில் 'ஷாக்' வைப்பது என்று அஞ்சிக் கிளம்ப மறுக்கும் பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கருவி மூளைக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. மூளையிலிருந்து வருகிற, ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளாகிய மின்னழுத்தத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. வலியை நிரூபிக்க அன்றி, வலிப்பு நோய்ச் சந்தேகத்தில் வைத்தியர் அதை எழுதிக்கொடுத்தால், முதல்நாளே தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் தடவாமல் போகவேண்டும். ஒட்டுவதற்கு இடும் பசை பிறகு தண்ணீரில் போய்விடும்.