காயம்பட்ட நாயை அமைதியாக வைத்திருத்தல்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உளது. அதில் வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையைப் பற்றிய செய்தி வருவதை அங்கத்தினர் பலர் அறிவர். நோயாளிகளுக்கு 15 படுக்கைகள், வைத்தியர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர இருவர், நோயாளிகளைப் பேணப் பெண்டிர் இருவர், தலைக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. கத்தியும் மருந்தும் ஒருபுறமிருக்க, படுக்கைக்கும் சோற்றுக்கும் பணிவிடைக்குமே அங்கு எவ்வளவு ஏற்பாடு செய்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. மனிதனைப் படுத்திரு என்றால் படுத்திருப்பான். கால் முறிந்த நாயிடம் அதை யார் சொல்வது? இம்மாதப் பாடம் அதைப் பற்றியதே.

நம் வீட்டில் சிப்பிப்பாறைக் கலப்பில் ஒரு நாய் இருந்தது. தென்பாண்டிச் சீமையில் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனம் அது. ஓடுவதே அதன் பிறவிக்குணம். இரு சக்கர வண்டி ஒன்று மோதி அதன் முன்னங்கால் முறிந்தது. மருத்துவர் கட்டுப்போட்டு எட்டு வாரம் ஓடவிடாதீர்கள் என்றார். மூன்றாம் வாரம் அது காலை ஊன்றி வாலை ஆட்டிற்று. குணமாகிவிட்டது என்று நாம் சங்கிலியை அவிழ்த்தோம். அணில் ஒன்றைத் துரத்தியது. கூடிவந்த எலும்பு விலகியது. பின்னர் எத்தனை நாள் வைத்தியம் செய்தும் அந்த நொண்டல் போகவில்லை. நிலக்கடலைக் கொல்லையில் இரவெல்லாம் சுற்றி வந்த நாய், அதன் பிறகு களத்து மேட்டைத் தாண்டவில்லை. அத்தவறு முழுவதும் நம்முடையது.

தவறு நேர்ந்த காரணத்தை விளங்கிக்கொள்வது அவசியம். முறிந்த எலும்பின் முனைகளைச் சுற்றி முதலில் இரத்தம் உறைந்து, பின் மெத்தென்ற ஒரு திசு வளர்ந்து அவற்றைப் பிணைக்கிறது. முனைகள் அசைவது குறைந்தவுடன் வலியும் குறைகிறது. ஆனால் அத்திசு கெட்டிப்பட்டு எலும்பாக இன்னும் பல வாரம் செல்லும். அதாவது வலி முன்னே போகிறது, பலம் பின்னே வருகிறது. இடையிலுள்ள நாட்களே ஆபத்தானவை. அவற்றை நாய் அறியாது, நாம்தான் அறிந்திருக்க வேண்டும். குட்டிகளுக்கு ஒரு மாதத்திலும், வளர்ந்த நாய்களுக்கு 8 முதல் 12 வாரத்திலும் எலும்பு கூடுவது பொதுவான வழக்கம். தோலில் போட்ட தையல் 10 முதல் 14 நாளில் பிரிக்கப்படும்.

முதலில் இடம். தறிக்குழி உள்ள அறையில் அதை விடலாகாது. வீதியில் பாவு நீட்டும் நேரத்தில் அவிழ்த்துவிட்டால் பாவும் போகும், காலும் போகும். வீட்டின் அமைதியான மூலையில் மூங்கிற்படலால் ஓர் அடைப்புச் செய்க. நாய் நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் போதும். துள்ளிக் குதிக்க இடம் வேண்டா. வழுக்கும் தரையில் கோணியை விரித்து, ஓரங்கள் நகராதபடி செய்க. வீதிப் பக்கத்தைத் துணியால் மறைத்துவிடுவது நன்று. பார்க்காத பூனையைத் துரத்த எந்த நாயும் எழுவதில்லை.

அடைத்து மட்டும் வைத்தால் சுறுசுறுப்பான நாய் ஊளையிடும், படலைக் கடிக்கும், கட்டைப் பிய்க்கும். கால்களுக்கு ஓய்வு கொடுக்கும்போது மூக்குக்கு வேலை கொடுக்க வேண்டும். நாயின் அறிவில் பெரும்பகுதி மோப்பத்தில் இருக்கிறது. மோப்பம் பிடிப்பதில் அது களைத்துப்போகும். மூன்று கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து ஒன்றின் கீழ் அவித்த முட்டைத் துண்டை வைத்து, எது என்று கண்டுபிடிக்கச் செய்க. கேழ்வரகுக் களியை மண்தட்டில் அழுத்தித் தடவிவிட்டால் அதை நக்கித் தீர்க்க நெடுநேரம் ஆகும். நக்குவதும் மெல்லுவதும் நாயைத் தணிக்கும். சமைத்த எலும்பு கொடுக்கலாகாது. அது சிம்பாய்ப் பிளந்து குடலைக் குத்தும். படுத்தபடியே நம் முகத்தைப் பார்க்கவும், கட்டளைக்குத் தலையைத் தாழ்த்தவும் பழக்கலாம். இவ்வேலைகள் நாளுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் சில நிமிடம். வீட்டுக்கு வருவோர் கொஞ்சிக் கூவி அதைக் கிளப்பாமல் பார்த்துக்கொள்க. இதில் குழந்தைகளைவிடப் பெரியவர்களே தொல்லை.

மலசலத்துக்கு வெளியே கொண்டுபோகும்போது குட்டையான வாரில், ஓரிரு நிமிடமே. கழுத்துப் பட்டையில் நீண்ட சங்கிலி வேண்டா. அது பாய்ந்து இழுபடும்போது உடலெல்லாம் குலுங்கும். நெசவாளர் வீட்டில் இதற்குப் பஞ்சமில்லை: அகலமான பருத்திப் பட்டையை மார்பைச் சுற்றி அணிவித்து, அதில் வாரைக் கோக்கலாம். பின்னங்கால் காயத்துக்கு மற்றொரு பட்டையை வயிற்றடியில் கொடுத்துத் தாங்கி நடத்தலாம்.

ஓட்டமின்றிக் கிடக்கும் நாய் விரைவில் கொழுக்கும். அந்த எடையும் காலின் மேல்தான் விழும். ஆகவே சோற்றை மருத்துவரைக் கேட்டுக் குறைத்து, வெங்காயம் சேராமல் கொடுக்க வேண்டும். வலிக்கென நம் பெட்டியிலுள்ள பாரசிட்டமால், இபுப்ரோபென், டைக்ளோபெனாக் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அவை நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. இவற்றுள் கடைசி மருந்து, பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால், 2006-இல் கால்நடை உபயோகத்துக்கு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. எவ்வளவு செய்தும் அடங்காத நாய்க்கு அமைதிப்படுத்தும் மருந்துகள் உண்டு. அவற்றைக் கால்நடை மருத்துவரே அளவிட்டுத் தர வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டா.

கட்டை நாள்தோறும் பார்க்க வேண்டும். விரல்கள் வீங்கினாலும், குளிர்ந்தாலும், துர்நாற்றம் வந்தாலும், கட்டு நனைந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுக. வலியுள்ள நாய் தன் எசமானனையும் கடிக்கும். கடித்தால் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எலும்பு கூடியதை எக்ஸ்ரே படத்தில் கண்டு மருத்துவர் சொன்ன பிறகே நடையைத் தொடங்கலாம். வாரினைப் பிடித்தபடி முதல் வாரம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து என்று கூட்டுக. சமமான கெட்டித் தரையே ஏற்றது. பாலாற்று மணல் கால் புதையும் இடமாதலால் தசைக்கும் மூட்டுக்கும் அதில் வேலை அதிகம். ஆற்றங்கரை நாய்களுக்கு அங்குப் போகவே ஆசை. அதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்க.