ஷெட்டில் நிற்கும் தாத்தா கார்: பணம் போடும் முன் பார்க்க வேண்டியவை

பெரியவர் காலமாகிவிட்டார். பின்கட்டு ஷெட்டில் அவருடைய அம்பாசிடரோ ஃபியட்டோ தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அதை என்ன செய்வது என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, ‘ஸ்டார்ட் ஆகுமா?’ என்பதுதான். என்னைக் கேட்டால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. என்ஜினைச் சரிசெய்ய இன்றும் ஆள் கிடைப்பார்கள். காகிதமும் தகரமும்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும் அல்லது கரைக்கும்.

1. முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எண் மீது அழுக்கு படிந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைக்கலாம். உப்புத்தாளோ கிரைண்டரோ கிட்டே போகக் கூடாது. அந்தக் காலத்தில் பெட்ரோல் செலவுக்குப் பயந்து பல அம்பாசிடர்களில் டீசல் என்ஜினைத் தூக்கி வைத்தார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பது முக்கியம். சேசிஸ் எண்ணே ஒத்துப்போகாவிட்டால், அது தீரும்வரை ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

2. பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போட வேண்டாம். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் தேவைப்படும். கெடு தாண்டியிருந்தால் அபராதம் கட்டிச் செய்யலாம். அண்ணன், தங்கை எல்லோரிடமும் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. ஷெட்டில் மக்கும்வரை யாருக்கும் வேண்டாத வண்டி, பெயின்ட் பளபளத்ததும் எல்லோருக்கும் ‘எங்கப்பா கார்’ ஆகிவிடும்.

3. வண்டிக்கு வயது 50 ஆகிவிட்டதா? 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத கார் ‘விண்டேஜ்’ ஆகப் பதிவாகும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஃபியட்டுக்குப் பிரீமியர் பத்மினி என்ற பெயரே 1974-இல்தான் வந்தது. ஆக, முதல் பத்மினிகள் இப்போதுதான் இந்த வரிசைக்கு வருகின்றன. ஆனால் இந்தப் பதிவு உள்ள காரை அன்றாடம் ஓட்ட முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வர்த்தகத்துக்கும் இடமில்லை. கல்யாண வாடகையில் செலவை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

4. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர வண்டி வேண்டும் என்றால், சாதாரணப் பதிவையே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிப்பதுதான் வழி. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரியும் இன்ஷூரன்ஸும் தனி.

5. இனி தகரம். முடிவில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் தனியாகச் சேசிஸ் சட்டம் கிடையாது. கனத்தையெல்லாம் பாடியே தாங்குகிறது. அதனால் மட்கார்டில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், அடியில் இருந்தால் பயப்படுங்கள். தரை விரிப்பைத் தூக்கி, பழைய ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டுநர் காலடியில் ஒரு குத்து குத்திப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் தகரம் உயிரோடு இருக்கிறது. சத்தமே இல்லாமல் முனை இறங்கி, செம்பழுப்புத் தூள் கொட்டினால் தரை போய்விட்டது. அதேபோல் ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பாடியில் மாட்டியிருக்கும் இடம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடம் அரித்திருந்தால் செலவு சட்டென்று எகிறிவிடும். கடலோர ஊரில் நின்ற வண்டியா, கோவைப் பக்கம் நின்ற வண்டியா என்பதும் நிறைய சொல்லிவிடும்.

6. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

7. பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடித்துவிடாதீர்கள். பல வருடம் நின்ற என்ஜினில் பிஸ்டன் இறுகியிருக்கலாம். ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் பாதி நிம்மதி. சுற்றாவிட்டாலும் ரீபோர் செய்ய லேத் பட்டறை இருக்கிறது, அதற்காகக் காரைக் கைவிட வேண்டாம்.

8. ஓட்டிப் பார்க்கும் முன் பிரேக்கும் டயரும். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று டயரை நம்பக் கூடாது, பழைய ரப்பர் ஓடும்போது பிளந்துவிடும். பெட்ரோல் டேங்கைக் காலி செய்து கழுவுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூபும் கார்புரேட்டர் வாஷரும் அதற்குத் தாங்காது. எத்தனால் தாங்கும் டியூபாக மாற்றச் சொல்லுங்கள்.

9. எந்த வண்டி என்பதைப் பொறுத்து உதிரிபாகக் கதை மாறும். அம்பாசிடர் 2014 வரை வந்ததால் பெரும்பாலானவை கிடைக்கும். ஃபியட்டுக்குக் கொஞ்சம் அலைய வேண்டும். சென்னை என்றால் புதுப்பேட்டையில் ஒரு நாள் செலவிடலாம். சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு விசித்திரமான கேஸ். அதன் மூலமான டிரயம்ப் ஹெரால்டுக்குப் பிரிட்டனில் இன்றும் பாகங்கள் விற்கிறார்கள். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவுக்கு எந்த வெள்ளைக்காரனிடமும் போக முடியாது.

10. மெக்கானிக்கிடம் மொத்தமாக ‘எவ்வளவு ஆகும்?’ என்று கேட்காதீர்கள். பத்திரமாக ஓட வைக்க எவ்வளவு, டிங்கரிங் எவ்வளவு, பெயின்ட், சீட், குரோம் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். முதல் இரண்டுக்கும் கையில் பணம் இருந்தால்தான் தொடங்க வேண்டும். பாதியில் நின்று, பிட்டு பிட்டாகப் பிரித்துப் போட்ட காரை வாங்க ஆளே வர மாட்டார்கள். முழுதாக நிற்கும் ஓடாத காருக்கு அதைவிட நல்ல விலை உண்டு.

11. வேலை தொடங்கினால், கழற்றும் முன் எல்லா மூலையையும் போட்டோ எடுங்கள். முன்பக்க எழுத்து, வீல் கப், குமிழ், லைட் கண்ணாடி ஆகியவற்றைக் கணக்கெழுதி வீட்டில் பூட்டி வையுங்கள். பட்டறைகளில் முதலில் காணாமல் போவது இவைதான்.

12. பழைய பெயின்ட் மங்கியிருந்தாலும் உரியாமல் இருக்கிறதா? விட்டுவிடுங்கள். கம்பெனி பெயின்ட்டோடு இருக்கும் காரைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் தேடுகிறார்கள். அலாய் வீலும் மெட்டாலிக் சிவப்பும் அடித்த ஃபியட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

13. யார் ஓட்டப் போகிறார்கள்? இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டியரிங் ராடில் கியர், பவர் ஸ்டியரிங் கிடையாது, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வாரம் ஒருமுறை எடுத்து ஓட்ட வீட்டில் ஓர் ஆள் இல்லையென்றால், புதுப்பித்த காரும் இரண்டு மழைக்காலத்தில் பழையபடி ஆகிவிடும்.

14. வேண்டாம் என்று முடிவானால் அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. முதலில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய கார் ஆர்வலர்களிடம் கேளுங்கள். விற்றால் ஆர்.சி.யில் பெயர் மாறியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே அசல் காகிதங்களைக் கைமாற்றுங்கள். காயலான் கடைக்கு எடைக்குப் போடுவதானால் அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்குங்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். அது ரத்தாகாதவரை, அந்த எண்ணை எவனாவது வேறு வண்டியில் மாட்டி ஓட்டினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.