வென்ற கூப்பன் எது?

கேள்வி: சென்ற வருடம் தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினேன். பில்லோடு மூன்று கூப்பன் தந்தார்கள். "மோட்டார் சைக்கிள் பரிசு, இன்னும் போடுங்கோ" என்றதால், தலா 200 ரூபாய்க்கு மேலும் பத்துக் கூப்பன் எடுத்தேன். சித்திரையில் நடந்த சீட்டிழுப்பில் முதற்பரிசு எனக்கு விழுந்தது. பதிவுச் செலவென்று 35,000 ரூபாய் வாங்கினார்கள். பதினான்கு மாதமாகியும் மோட்டார் சைக்கிள் தரவில்லை. கேட்டால், "இது சூது, வழக்குப் போட்டால் நீரும் மாட்டுவீர்" என்கிறார் முதலாளி. உண்மையா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கியே மேலே தந்திருக்கிறோம். வழக்கைத் தீர்மானிக்கும் விடயம் மட்டும் அதில் இல்லை. பரிசு விழுந்தது பில்லோடு வந்த கூப்பனுக்கா, 200 ரூபாய் கொடுத்து எடுத்த கூப்பனுக்கா?

பணம் கொடுத்து, அதிர்ஷ்டத்தை நம்பி, பரிசை எதிர்பார்ப்பது லொத்தர். இந்த மூன்றில் பணம் கொடுப்பது இல்லாவிட்டால் அது இலவசச் சீட்டிழுப்பு. தோற்றவர் எதையும் இழப்பதில்லை. சூதிலிருந்து அதைப் பிரிப்பது இதுதான். அனுமதியின்றி லொத்தர் நடத்துவதை 1844ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க லொத்தர் கட்டளைச் சட்டம் தடை செய்கிறது. தேசிய லொத்தர் சபையும் அபிவிருத்தி லொத்தர் சபையும் சீட்டு விற்பது பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களின் பலத்தில். கோவில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் ஊரெல்லாம் சீட்டு விற்கிறார்களே என்பீர்கள். நல்ல காரியம் என்பதற்காக அனுமதி தானாக வந்துவிடாது.

ஆகவே, வென்றது 200 ரூபாய்க் கூப்பன் என்றால், பரிசைப் பெற்றுத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்பது மிகக் கடினம். சட்டவிரோத உடன்படிக்கையை நிறைவேற்ற நீதிமன்றம் கைகொடுக்காது.

வென்றது பில்லோடு வந்த கூப்பன் என்றால் உங்கள் நிலை பலமானது. ஆனாலும் முழு உறுதி தர மாட்டேன். 1883இல் இங்கிலாந்தில், தேயிலைப் பொதிக்குள் பரிசுக் கூப்பன் வைத்து விற்றார் ஒருவர். தேயிலை கொடுத்த காசுக்குப் பெறுமதியானதுதான். இருந்தும் நீதிமன்றம் அதை லொத்தர் என்றது. 2005இல் பிரித்தானியா கொண்டுவந்த சூதாட்டச் சட்டமோ, பரிசுக்காகப் பொருளின் விலையைக் கூட்டாவிட்டால் அந்த விலை கட்டணமாகாது என்கிறது. நமது 1844ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு வாசகம் இல்லை. பொருள் வாங்காதவரும் கூப்பன் போடலாம் என்று கடையின் நோட்டீசில் இருந்ததா? இருந்தால் அந்த ஒரு வரி உங்கள் வழக்கைத் தாங்கும்.

"சும்மா கொடுத்த கூப்பன்தானே, அதற்கு என்ன கடப்பாடு?" என்றும் முதலாளி கேட்கக்கூடும். அதற்குப் பதில் உண்டு. ஆங்கிலச் சட்டத்தில் ஒப்பந்தத்துக்குக் கைம்மாறு வேண்டும். இங்கே நடைமுறையிலுள்ள உரோமன் டச்சுச் சட்டத்தில், மனப்பூர்வமாகக் கொடுத்த வாக்குக்கு நியாயமான காரணம் இருந்தாலே போதும்.

இனி நீங்கள் செய்த பிழைக்கு வருகிறேன். பில்லை எறிந்துவிட்டீர்கள். வென்ற கூப்பனைப் பிரதி எடுக்காமல் கடையிலேயே ஒப்படைத்தீர்கள். 35,000 ரூபாயைப் பற்றுச்சீட்டு வாங்காமல் கையில் கொடுத்தீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாட்டை, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. "நாளைக்கு வாங்கோ" என்றவரை நம்பிப் பதினான்கு மாதம் இருந்தீர்கள். எழுத்தில் இல்லாத உடன்படிக்கைக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தருவது மூன்று வருடம் மட்டுமே. அதில் ஒரு வருடத்துக்கு மேல் கரைந்துவிட்டது. இனி ஒரு கிழமைகூட வீணாக்க வேண்டாம்.

அந்த 35,000 ரூபாய் வேறு விடயம். தரும் எண்ணமே இல்லாமல், தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம், 403ஆம் பிரிவுகளில் வரும் மோசடி. வென்றது எந்தக் கூப்பனாக இருந்தாலும் அதுபற்றி பொலிஸில் முறையிட இடமுண்டு. முதலாளியின் மிரட்டலுக்குப் பயந்து ஒதுங்கிவிட வேண்டாம். கூப்பனுக்குக் காசு வாங்கிச் சீட்டிழுப்பை நடத்தியவர் அவர். ஆனால் 200 ரூபாய்க் கூப்பன்களை நீங்களும் எடுத்திருப்பதால், சட்டத்தரணியைக் காணாமல் வாக்குமூலம் கொடுக்கக் கூடாது.

கடையின் நோட்டீஸ், பரிசு விழுந்ததாக வந்த குறுஞ்செய்தி, வங்கியில் பணம் எடுத்த பதிவு, சீட்டிழுப்பில் நின்றவர்களின் பெயர் எல்லாவற்றையும் திரட்டுங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்லும் இந்தப் பதிலை நம்பி வழக்கில் இறங்க வேண்டாம். ஒரு சட்டத்தரணியை நேரில் கண்டு பேசுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே முதலில் கேட்கப்படுவதும் வென்ற கூப்பன் எது என்பதாகத்தான் இருக்கும்; பதிலோடு போங்கள்.