கணிப்பொறி ஏற்றிய கரும்புகைக் கொடி

கலை என்றவுடன் கல்லும் வண்ணமும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று கணிப்பொறியும் கலைஞனின் உளியாகிவிட்டது. அக்கலையின் இயல்பை உணர, அயர்லாந்துக் கலைஞர் ஜான் ஜெரார்டு 2017இல் படைத்த 'வெஸ்டர்ன் ஃபிளாக்' என்னும் ஆக்கத்தை இக்கட்டுரையில் நோக்குவோம்.

களம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிண்டில்டாப்பில் 1901 ஜனவரி 10ஆம் நாள் எண்ணெய் ஊற்றுப் பீறிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 பீப்பாய் பொங்கிற்று. பெட்ரோலியக் காலத்தின் தலைவாயில்களுள் ஒன்று அதுவாகும். வளம் வற்றிய அந்நிலத்தைத் திரையில் மீள உருவாக்கிய ஜெரார்டு, அதன் நடுவே கம்பம் ஒன்றை நாட்டினார். அதில் துணிக்கு மாறாகக் கரும்புகையே கொடியாய்ப் பறக்கின்றது.

ஆக்கமுறை

காண்பதற்குத் திரைப்படம் போல் தோன்றினும் இது ஒளிப்பதிவு அன்று. ஒவ்வொரு காட்சியையும் மென்பொருள் அவ்வப்போது கணித்து வரைகின்றது. ஆதலின் இதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. டெக்சாசில் கதிரவன் எழும்போது திரையிலும் எழுவான். 2017 ஏப்ரலில், புவி நாளையொட்டி, இலண்டன் சாமர்செட் ஹவுசில் இது பெருந்திரையில் வைக்கப்பெற்றது. அந்நகரின் நண்பகலில் திரையிலோ பொழுது புலரும் வேளை!

உட்பொருள்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது நம் தொல்காப்பியம். இங்கும் அவ்விரண்டே அடிப்படை. அறிவுரை ஒன்றும் கூறப்படவில்லை. கருத்து காட்சிக்குள் உள்ளுறையாய் அமைந்துள்ளது. எண்ணெயை எரிப்பதால் எழும் கரியமிலவாயுவுக்கு நிறமில்லை. கண்ணுக்குப் புலப்படாததை மனிதன் எளிதில் மறக்கின்றான். அதற்குக் கருநிறம் ஊட்டி, பெருமைக்குரிய கொடிக்கம்பத்திலேயே ஏற்றியதால், வெற்றியும் அழிவும் ஒன்றாய்த் தெரிகின்றன. இல்லாத கம்பம் உள்ள உண்மையை உரைக்கின்றது.

ஒரு வினா

இக்கலையை இயக்கும் கணிப்பொறியும் மின்சாரத்தை உண்பதன்றோ என வினவலாம். தக்க வினாவே. தம் கருவியின் மறுபக்கத்தையும் ஜெரார்டு ஆராயாமல் விடவில்லை. ஓக்லகோமாவின் பிரையர் கிரீக்கில் உள்ள கூகுள் தரவு மையத்தைப் படமெடுக்க இசைவு கிட்டாமையால், ஹெலிகாப்டரிலிருந்து அதைப் படம்பிடித்து, 2015இல் 'ஃபார்ம்' என்னும் படைப்பாக்கினார். கணிப்பொறி உலகமும் மண்மீது நிற்கும் ஆலையே என்பதை அது காட்டுகின்றது.

முடிவுரை

கருவி புதிதாயினும் கலையின் கடமை பழையதே. மறைந்திருப்பதைக் காணச் செய்வதே அக்கடமை. கணிப்பொறி பயிலும் மாணவர், அதனால் எதை விரைவாய்ச் செய்யலாம் என்பதோடு, எந்த உண்மையைப் புலப்படுத்தலாம் என்றும் எண்ணுவாராக.