வீட்டிற் கடல்மீன் தொட்டி



நிலாவெளியிலும் குச்சவெளியிலும் மூதூரிலும் வயலும் கடலும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிள்ளைகள் கரையிற் பிடித்த வண்ணமீனைப் போத்தலில் கொண்டுவருவதும், அது இரண்டொரு நாளில் இறந்து மிதப்பதும் பலரும் கண்ட காட்சி. பணம் செலவிட்டுக் கண்ணாடித் தொட்டி வாங்கியவர்க்கும் இதுவே நேர்வதுண்டு. பெரும்பாலும் மீனைக் கொல்வது அதன் கழிவே.

கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. தோட்டத்தில் இட்ட யூரியா அமோனியாவாகி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாறுகிறதல்லவா? தொட்டியிலும் அதே வேலை நடைபெறல் வேண்டும். முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்று அத்துணைக் கேடு செய்யாது. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிற் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஆகவே நீரை நிரப்பி, ஓர் இறால் துண்டை இட்டு, வடிகட்டியை இரவு பகலாக ஓடவிடுங்கள். சோதனை மருந்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனக் கண்ட பின்னரே முதல் மீனை விடலாம். பொறுமையற்றவர் இழப்பது இங்கேதான்.

தொட்டி 200 லீற்றருக்குக் குறையாதிருப்பது நன்று; சிறு தொட்டியில் நீர் விரைவிற் கெடும். அந்நீர் ஏறக்குறையப் பத்துப் புசல் நெல்லின் பாரமாகும். பழைய மேசை தாங்காது. துறைமுகத்தின் உள்ளே நீர் அள்ள வேண்டா. கப்பல் எண்ணெய் கலந்திருக்கக்கூடும். கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுவதால் மாரியில் அங்கே உப்புக் குறைந்துவிடும். நிலாவெளிக்கு வடக்கே, மழையற்ற மாதங்களில் எடுத்த தெளிந்த நீரே ஏற்றது. அடர்த்திமானி 1.023 முதல் 1.025 வரை காட்டல் வேண்டும். ஆவியாகிக் குறைந்த அளவிற்கு நன்னீரே ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை என்பதை உவர் வயல் உடையவர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

வெப்பமூட்டி நமக்கு வேண்டா. வெயில் படாத இடமே வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளைக்கு மின்கலத்தில் இயங்கும் காற்றூட்டி ஒன்று அவசியம்.

இனி, கமக்காரர் வீட்டிற்கே உரிய அபாயம் ஒன்று உண்டு. கிருமிநாசினி தெளித்த கையைத் தொட்டியில் இடாதீர்கள். மருந்து கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் அதனால் நீர் அள்ள வேண்டா. செம்பு கலந்த பங்கசு நாசினி சிறிதளவு சேரினும் இறாலும் கடற்சாமந்தியும் மடியும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் ஆகா. காற்றூட்டி அறையின் காற்றையே நீருட் செலுத்துவதால், தெளிகருவியை அவ்வறையில் வைக்கலாகாது.

மீன்களுள் கோமாளி மீன் ஒரு சோடியும், சிறு உளுவை ஒன்றிரண்டும் ஒத்து வாழும். கடற்சாமந்தி இல்லாமலே கோமாளி வாழும். ஆகையால் தொடக்கத்தில் அதனை வாங்க வேண்டா. கலவாயும் சிங்கமீனும் சிறு மீன்களை விழுங்கும், கிளாத்தி கடிக்கும். பெட்டிமீன் அஞ்சினால் நஞ்சு கக்கி மற்றவற்றையும் கொல்லக்கூடும். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பல உயிருள்ள முருகைக்கல்லையே மேய்வன. தொட்டியிற் பட்டினி கிடந்து மடியும். அவற்றின் அழகில் மயங்காதீர்கள். நான்கைந்து சிறு மீன் போதும். அவற்றையும் ஒரே நாளில் விடாது, இரண்டு வாரத்துக்கு ஒன்றிரண்டாக விடுங்கள்.

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து மீனோ முருகைக்கல்லோ எடுத்தல் குற்றமாகும். மீன் ஒளிந்துகொள்ள உடைந்த மட்பானை ஓடே போதும். மீன் வாங்குமுன், அது இரை உண்பதைக் காட்டும்படி விற்பவரைக் கேளுங்கள். உண்ணாத மீனை எவ்விலைக்கும் வாங்க வேண்டா.