ஃபோலேட் மாத்திரைகள்: எந்த வடிவம், யாருக்கு, எப்போது?

கருவுற்ற பெண்ணின் மருந்துச் சீட்டில் முதலில் இடம்பெறும் பெயர்களுள் ஒன்று ஃபோலிக் அமிலம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது விலையின்றி வழங்கப்படுகிறது. மருந்துக் கடையிலோ ஃபோலிக் அமிலம், எல்-மெத்தில்ஃபோலேட், ஃபோலினிக் அமிலம் என ஒலிப்பில் ஒத்த பல பெயர்கள் வெவ்வேறு விலைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கெடார், காணை, விக்கிரவாண்டி முதலிய ஊர்களில் வாழும் குடும்பத்தார் இவற்றுள் எதைத் தேர்வது எனத் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தைத் தீர்க்கும் பொருட்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

ஃபோலேட் என்பது யாது?

உயிர்ச்சத்து பி9-இன் பொதுப்பெயரே ஃபோலேட். உடலில் புதிய உயிரணுக்கள் தோன்றும் இடமெல்லாம் இது தேவைப்படுகிறது. இரத்த அணுக்கள் நாள்தோறும் புதியனவாக உருவாகின்றன. கருவில் வளரும் குழந்தைக்கோ ஒவ்வொரு உறுப்பும் புதிது. ஆகவே ஃபோலேட் குறையும்போது முதலில் பாதிக்கப்படுவன இரத்தமும் கருவுமே.

இச்சத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1928இல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்களைத் தாக்கிய கடும் இரத்தசோகையை பம்பாயில் ஆராய்ந்தார். பின்னர் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், நம் மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும் சென்னை மருத்துவமனையிலும் பணியைத் தொடர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த சத்தே ஃபோலேட் எனப் பின்னர் தெரியவந்தது. 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு பெயரிட்டனர். 1940களின் நடுவில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்று வடிவங்கள்

முதலாவது ஃபோலிக் அமிலம். வெப்பத்தையும் ஒளியையும் ஓரளவு தாங்கும், எளிதில் கெடாது, விலை குறைவு. உட்கொண்டபின் உடல் இதைப் படிப்படியாக மாற்றிப் பயன்படுத்துகிறது.

இரண்டாவது எல்-மெத்தில்ஃபோலேட். இரத்தத்தில் பெருமளவில் உலவும் வடிவம் இதுவே. மாற்றம் பெரிதும் தேவைப்படாமையால் 'செயல்நிலை ஃபோலேட்' என்று விற்கப்படுகிறது. விலை அதிகம்.

மூன்றாவது ஃபோலினிக் அமிலம். லியூகோவோரின் என்றும் பெயர். ஓரெழுத்து வேறுபாடு போல் தோன்றினும் பயன் வேறு. பெரும்பாலும் சில தீவிர மருந்துகளோடு இணைத்து, மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுவது இது.

கருவுற விரும்புவோர் எதைத் தேர்வது?

கருவின் மூளையும் தண்டுவடமும் நரம்புக் குழாய் என்னும் அமைப்பிலிருந்து தோன்றுகின்றன. கரு உருவான 28 நாள்களுக்குள் அக்குழாய் மூடிவிட வேண்டும். மூடாவிடில் முதுகில் தண்டுவடம் திறந்த நிலையில் குழந்தை பிறக்கலாம். மூளையும் மண்டையோடும் முழுமை பெறாமலும் போகலாம். மாதவிலக்கு தள்ளிப்போய், பரிசோதனை செய்து, மருத்துவரைக் காண வரும்போது அந்த 28 நாள்கள் பெரும்பாலும் கடந்திருக்கும்.

இக்குறைபாட்டை ஃபோலிக் அமிலம் தடுப்பதை 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஐயமின்றி நிறுவியது. முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்ற பெண்களுக்கு, கருவுறும் முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் கொடுத்தபோது, மீண்டும் அக்குறைபாடு தோன்றுவது 72 விழுக்காடு குறைந்தது. நரம்புக் குழாய்க் குறைபாட்டைத் தடுப்பதாக இவ்வாறு நேரடியாக மெய்ப்பிக்கப்பட்ட வடிவம் ஃபோலிக் அமிலம் ஒன்றே. மெத்தில்ஃபோலேட் இரத்தத்தில் ஃபோலேட் அளவை உயர்த்துகிறது. எனினும் குறைபாட்டைத் தடுப்பதற்கு அத்தகைய சான்று அதற்கு இல்லை.

ஆகவே, விலை உயர்ந்ததை வாங்கப் பணம் சேரட்டும் என்று நாளைக் கடத்துவதே பெரிய இழப்பு. திருமணமாகிக் குழந்தையை எதிர்நோக்கும் பெண், எளிய ஃபோலிக் அமிலத்தை இன்றே தொடங்குவது நன்று.

மரபணுவைப் பற்றிய அச்சம்

'உங்கள் உடல் ஃபோலிக் அமிலத்தை ஏற்காது' என்று சிலருக்குச் சொல்லப்படுகிறது. எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணுவின் வேறுபாட்டை இதற்குக் காரணமாகக் காட்டுவர். இவ்வேறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்க்கு, அதே அளவு ஃபோலிக் அமிலம் உட்கொண்டாலும், இரத்த ஃபோலேட் பிறரைவிடச் சுமார் 16 விழுக்காடு குறைவாக இருக்கும், அவ்வளவே. அவர்கள் உடலும் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறது. இதற்காக மாத்திரையை நிறுத்தவோ, செலவு செய்து மரபணுப் பரிசோதனைக்குச் செல்லவோ பொதுவாகத் தேவையில்லை. மருத்துவர் தக்க காரணத்தோடு மெத்தில்ஃபோலேட் எழுதியிருந்தால், அதை அவரைக் கேளாமல் மாற்றவும் வேண்டா.

வடிவத்தைவிட அளவைப் பாருங்கள்

1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். கருவுற விரும்பும் காலம் தொட்டு முதல் மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்பது பொது அளவு. நான்காம் மாதம் முதல், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கலந்த சிவப்பு மாத்திரை நாளொன்றுக்கு ஒன்று வீதம் 180 நாள்கள். மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் 180 நாள்கள். 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தின் முறை இது.

கடையில் பரவலாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை, சிவப்பு மாத்திரையில் உள்ளதைப்போல் பத்து மடங்கு. முன்னர் நரம்புக் குழாய்க் குறைபாடு கண்டவர், வலிப்பு மருந்து உட்கொள்வோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்கு உயர்ந்த அளவை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. ஏனையோர் தாமாக அதை நீண்டநாள் உட்கொள்ளலாகாது. பி12 குறைபாடு இருக்கும்போது மிகுதியான ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை மட்டும் மறைத்துவிடும். நரம்புச் சிதைவு உள்ளே தொடரும். மரக்கறி மட்டும் உண்போர், முதியோர், நெடுங்காலம் மெட்ஃபார்மின் உட்கொள்வோர் பாதம் மரத்தல், நடை தடுமாறல் ஆகியவற்றைக் கண்டால் பி12 அளவைச் சோதித்தறிய வேண்டும்.

தாமாக மாற்றக் கூடாத இடங்கள்

முடக்குவாதத்துக்கும் தடிப்புத்தோல் அழற்சிக்கும் மெத்தோட்ரெக்சேட் எழுதப்படுகிறது. அது வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து; ஃபோலேட்டின் செயலைத் தடுப்பது. அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலத்தைப் பெரும்பாலும் வேறொரு நாளில் உட்கொள்ளச் சொல்வர். இரு மாத்திரைகளும் மஞ்சளாக இருக்கக்கூடும். நாள் மாறினால் தீங்கு பெரிது. வீட்டார் நாட்காட்டியில் இரு நாள்களையும் தனித்தனியே குறித்து வைப்பது பாதுகாப்பு.

குடல் புற்றுநோய்க்கு ஃபுளூரோயூராசில் அல்லது கேப்சிடபின் பெறுவோர், சத்து மாத்திரை என எண்ணி ஃபோலேட்டை எந்த வடிவிலும் தாமாகச் சேர்க்கலாகாது. மருந்தின் நச்சுத்தன்மை கூடும். வலிப்புக்கு ஃபெனிடாயின் உட்கொள்வோருக்கு உயர்ந்த அளவு ஃபோலிக் அமிலம் அம்மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடலாம்.

உணவு போதாதா?

முருங்கைக் கீரை, அரைக்கீரை, உளுந்து, பச்சைப்பயறு, நம் வயல்களில் விளையும் மல்லாட்டை ஆகிய அனைத்திலும் ஃபோலேட் உண்டு. கீரையை வேகவைத்த நீரைக் கொட்டினால் சத்தும் உடன் போகும். குறைந்த நீரில் சற்றே வேகவைத்து அந்நீரையும் சேர்த்துண்க. செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதனால் கிடைப்பது 40 மைக்ரோகிராமுக்கும் குறைவு. இவ்வுணவுகள் நாள்தோறும் வேண்டும். ஆயினும் கருவுறும் காலத்தில் மாத்திரைக்கு ஈடாகா.

அடுத்தமுறை வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் உடன் கொண்டுவாருங்கள். 'இதில் உள்ள ஃபோலேட் எவ்வடிவம், எத்தனை மைக்ரோகிராம், எதுவரை உட்கொள்ள வேண்டும்?' என்ற மூன்றையும் கேளுங்கள். இரும்பு மாத்திரை, சத்து மாத்திரை என இரண்டிலும் ஃபோலிக் அமிலம் இருப்பின் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டுச் சொல்வது எங்கள் கடமை. வீட்டில் புதுமணப்பெண் இருப்பின், அவர் கருவுறும்வரை காத்திராமல் இச்செய்தியை இப்போதே சொல்லிவிடுங்கள்.