கூடவே இருக்கக் கற்போம்



தோட்டத்தில் இருந்தவரை இப்படிப்பட்ட பிள்ளைகளை யாரும் மறைத்து வைக்க முடியாது. அம்மா பால்மரம் வெட்டப் போனால் பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும். பத்து வீட்டுக் கண்ணும் அதன் மேல்தான். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களை விட்டு நம் சனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு கதவு சாத்திக்கொண்டது. உள்ளறையில் நாற்பது வயது மகன், ஹாலில் எழுபது வயது அம்மா. "எனக்கப்புறம் இவன யாருப்பா பாத்துக்குவா?" என்பதுதான் அந்த அம்மாவின் ஒரே கேள்வி.

பராமரிப்பு உதவியாளர் என்ற வேலை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. அவனுக்கு எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது இந்த வேலை இல்லை. அம்மா இல்லாத நாளிலும் அவன் தானாகச் செய்யக்கூடியதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் வேலை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கத்தின் ஓகேயு பதிவில் ஏழு பிரிவுகள் உண்டு. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவை கற்றல் பிரச்சினைப் பிரிவில் வரும். இவை பிறவியிலோ சிறு வயதிலோ தெரியும். ஸ்கிசோஃப்ரினியா போன்ற மனநோய்கள் வேறு பிரிவு. நன்றாகப் படித்து, வேலைக்கும் போன பையனுக்கு இருபது வயதில் வரலாம். முன்னவருக்குப் பழக்கிக் கற்றுக்கொடுப்பது முக்கியம். பின்னவருக்கு மருந்து விடாமல் இருப்பது முக்கியம். நம் ஆட்கள் இரண்டையும் சேர்த்து "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று கேலி பேசுவதுண்டு. 1911 முதல் நோயாளிகளைக் கவனித்துவரும் ஒரு மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கியதுதான் நம் சாதனை!

மனநோய்ப் பிரிவில் ஓகேயு கார்டு எடுக்க, குறைந்தது இரண்டு வருடம் மனநலச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். மனநல மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். அதனால் கிளினிக் தேதியை நினைவில் வைத்து, பஸ் இல்லாத தோட்டத்திலிருந்து ஆளை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது சின்ன உதவி இல்லை. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலை இல்லை. "தூக்கமா வருது, மாத்திர வேணாம்" என்று அவர் சொன்னால் அதை எழுதி வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது கற்றுக்கொடுக்கும் முறைக்கு வருவோம். டி-சட்டை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையைச் சரியாகப் பிடிப்பது, தலையை நுழைப்பது, ஒரு கை, மறு கை, கீழே இழுத்து விடுவது என ஐந்து படி. முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை இரண்டாவதிலேயே சிக்கிக்கொள்ளும். ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். அம்மா பொறுமை இழந்து தானே மாட்டிவிடுவார். பயிற்சி பெற்றவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். நான்கு படியை நீங்கள் செய்யுங்கள். கடைசியில் இழுத்து விடுவதை மட்டும் அவன் செய்யட்டும். அது கைவந்த பிறகு கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையால்தான் முடிகிறது. அந்தச் சந்தோஷமே அடுத்த நாள் அவனை இழுத்து வரும். மாதக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும்.

இன்னொன்று, நாற்பது வயதுக்காரரைப் "பாப்பா" என்று கூப்பிடாதீர்கள். அண்ணே என்று கூப்பிடுங்கள்.

அறிவு வளர்ச்சிக் குறைவு உள்ளவர்களில் பலருக்கு வலிப்பும் வரும். உடனே கையில் சாவியைத் திணிப்பது நம் வழக்கம். அதனால் பயன் எதுவும் இல்லை. வாயில் கரண்டியோ துணியோ வைக்கவே கூடாது. பக்கத்தில் இருக்கும் கடினமான பொருட்களை நகர்த்துங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 999.

"கோயிலுக்குக் கூட்டிப் போனால் சரியாகிவிடும் என்கிறார்களே?" என்று கூட்டங்களில் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் மனநோயாளிகள் வந்து தங்குவார்கள். அங்கே தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பேயோட்டும் சடங்கு எதுவும் அங்கே இல்லை. காலைப் பூசை, இடத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூடவே வீட்டார் ஒருவர். பயமுறுத்தாத, ஆதரவான சூழல்தான் உதவியது என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கோயிலும் கிளினிக்கும் சண்டைக்காரர்கள் இல்லை. ஆனால் அதே தமிழ்நாட்டில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். "பாதுகாப்புக்காகத்தான் கட்டி வைத்தோம்" என்று எந்த வீட்டில் சொன்னாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க நல்ல இடம் பிடிகே, அதாவது சமூக மறுவாழ்வு நிலையம். 1984ல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் முதன்முதலாகத் தொடங்கியது. சமூக நல இலாகாவின் உதவியோடு உள்ளூர்க் குழுவே நடத்துவது. முதலில் தொண்டூழியராகப் போய்ப் பாருங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, "வா, உக்காரு, சாப்டியா?" என்று கேட்க அங்கே ஒரு குரல் கிடைத்தாலே பாதிப் பயம் போய்விடும். நம் வட்டாரத்தில் கோலகுபு பாருவில் தாமான் சினார் ஹராப்பான் என்ற அரசாங்க இல்லமும் இருக்கிறது. அனுமதி பெற்று, கிளைக் குழுவாக ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். அங்கே பார்த்ததை, கேட்டதை, யார் பிள்ளை என்பதையெல்லாம் வெளியில் பேசக்கூடாது. படமெடுத்துப் போடவும் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டுப்பாடம்: மைலோ கலக்குவதை எத்தனை படியாகப் பிரிக்கலாம் என்று எழுதி வாருங்கள். சுடுதண்ணீர் எந்தப் படியில் வருகிறது, அதை யார் செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.